தலை வெட்டிய மரங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

டொஃபினோவில் நீ எடுத்த படங்கள் கிடைத்தன. அம்மா அவற்றைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தாள். இவ்வளவு பெரிய சீடார் மரத்தின் அடியில் நீ நிற்கிறாய், அவளோ "பிள்ளை மெலிந்துவிட்டான்" என்று மட்டும் சொன்னாள். மரம் அவள் கண்ணில் படவே இல்லை.

போன ஞாயிறு தொலைபேசியில் நீ சொன்னதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். "இங்கிலாந்தில் காடு என்று ஒன்று கிடையாது, அப்பா. நீங்கள் போய் நடக்கிறதெல்லாம் பெரிய தோட்டம். மனிதக் கை படாததுதான் காடு" என்றாய். கனடாவில், வான்கூவர் தீவில் இருந்துகொண்டு அப்படிச் சொல்வது உனக்குச் சுலபம். அப்போது நான் வாயைத் திறக்கவில்லை. தொலைபேசியில் உன்னோடு வாதாடி வென்றவர் நம் குடும்பத்தில் யாரும் இல்லை. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதுதான் இந்த ஏற்பாடு.

நான் போய் நடந்த பீச் மரக் காடு, பேர்னம் பீச்சஸை உனக்குத் தெரியும். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தோடு போய், சப்பாத்து நிறையச் சேற்றோடு வந்து அம்மாவிடம் ஏச்சு வாங்கிய இடம். ஸ்லவ்விலிருந்து வடக்கே போகும் சாலையில் சிறிது நேரம் ஓடினால், ஃபார்னம் கொமன் கிராமத்தைத் தாண்டியதும் வந்துவிடும். மே மாதத் தொடக்கத்தில், வேலைநாள் ஒன்றில் போனேன். ஓய்வு பெற்றவனுக்கு உள்ள ஒரே சலுகை, வேலைநாளில் கார் நிறுத்த இடம் கிடைப்பது. காட்டுக்குள் நடக்கக் காசு இல்லை, காருக்குத்தான் காசு. நிறுத்துமிடம் இருக்கும் பாதையின் பெயர் லோர்ட் மேயர்ஸ் டிரைவ். லண்டன் நகரத்து மேயரின் பட்டம் பக்கிங்ஹாம்ஷியர் காட்டுப் பாதைக்கு எப்படி வந்தது என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

உன் வாதத்தில் பாதியை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மொத்தம் 220 ஹெக்டேர். அவசரப்படாமல் நடந்தாலும் ஒரு காலைப்பொழுதில் குறுக்கே போய்த் திரும்பிவிடலாம். கரடி இல்லை, ஓநாய் இல்லை. வழி தவறினால் நாயைக் கூட்டிக்கொண்டு வரும் யாராவது ஒருவர் வழி சொல்வார். மனிதக் கை படாத மரம் என்று தேடினால் ஒன்றுகூட அகப்படாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால், கை பட்டதால் அது காடு இல்லை என்று நீ சொன்னாய் பார், அந்த மற்றப் பாதியில்தான் எனக்குச் சண்டை.

மரத்தைப் பக்கத்தில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன். நிலத்திலிருந்து என் தலைக்குச் சற்று மேலே வரை ஒரே தண்டு. மூன்று பேர் கைகோத்தால்தான் சுற்றிப் பிடிக்கலாம். அந்த உயரத்தில் தண்டு திடீரென்று வீங்கி, முண்டும் முடிச்சுமாகிவிடுகிறது. அந்த முண்டிலிருந்து ஏழெட்டுக் கொப்புகள் ஒரே இடத்தில் பிரிந்து மேலே எழும்புகின்றன. ஒவ்வொன்றும் தனி மரத்தின் பருமன். தண்டின் ஒரு பக்கம் பிளந்து, உள்ளே வெறுமை. தலையை நுழைத்துப் பார்த்தேன். காலடியில் உக்கிய மரத்தூள் கறுப்பாகக் குவிந்து கிடந்தது, ஈரக் காளான் மணம் மூக்கில் ஏறியது, அண்ணாந்தால் ஓர் ஓட்டை வழியாக வானம் தெரிந்தது. வைரம் முழுவதும் உக்கிப் போய்விட்டது. உயிர் ஓடுவது பட்டையை ஒட்டிய வெளிச்சுற்றில் மட்டும்தான். அதை நம்பி மேலே அத்தனை இலை. ஒரு துளிரைப் பறித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். விளிம்பு முழுவதும் மெல்லிய வெள்ளை மயிர். சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. கோடை ஏற ஏற மயிர் உதிர்ந்து, இலையும் தடித்துக் கரும்பச்சையாகிவிடும்.

பீச்சின் பட்டை வயது போனாலும் பெரிதாக வெடித்து உரிவதில்லை. சாம்பல் நிறத்தில் வழுவழுப்பாகவே இருக்கும். பெயர் வெட்டுகிறவர்களுக்கு இதைவிட வசதியான மரம் கிடைக்காது. ஒரு மரத்தில் யாரோ ஆண்டை வெட்டியிருக்கிறார்கள். 19 வரை வாசிக்கலாம். மற்ற இரண்டு எண்களும் மரம் பருக்கப் பருக்க அகல இழுபட்டு உருத்தெரியாமல் போய்விட்டன. பக்கத்தில் ஒரு காதல் குறி. யார் யாரை விரும்பினார்கள் என்பதையும் மரம் அழித்துவிட்டது. பெயர் வெட்டியவர்கள் மீது எனக்குக் கோபம்தான், ஆனாலும் நின்று வாசிக்காமல் இருக்க முடியவில்லை.

இந்த உருவம் இயற்கையாக வந்ததில்லை. கோடரி செய்த உருவம். இங்கே இதை பொலார்ட் என்பார்கள். இந்த நிலம் பல நூற்றாண்டுகளாகச் சுற்றியுள்ள கிராமத்தவர்களின் பொது மேய்ச்சல் நிலம். மாடு மேயும், இலையுதிர் காலத்தில் பீச் கொட்டையும் ஓக் கொட்டையும் தின்னப் பன்றிகளை ஓட்டிவிடுவார்கள். அதே நிலத்தில் விறகும் வேண்டும். மரத்தை அடியோடு வெட்டினால் அடுத்த ஆண்டு வரும் துளிரை மாடு தின்றுவிடும். அதனால் மாட்டின் வாய் எட்டாத உயரத்தில் தலையை வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் கொப்புகள் கிளம்பும். பத்துப் பதினைந்து ஆண்டு வளரவிட்டு மறுபடி வெட்டுவார்கள். கீழே புல், மேலே விறகு, ஒரே நிலத்தில் இரண்டு விளைச்சல். நம் ஊர் வேலியில் பூவரசங் கதியாலை ஆண்டுதோறும் தலையில் வெட்டி, குழையை ஆட்டுக்கும் தோட்டத்துக்கும் போடுவார்கள். உன் தாத்தா இந்த மரத்தை ஒரு தடவை பார்த்திருந்தால் விளக்கம் கேட்டிருக்க மாட்டார், கத்தியைத்தான் கேட்டிருப்பார்.

இனி நீ கவனிக்க வேண்டிய இடம். தலை வெட்டாமல் விட்ட பீச் மரம் பொதுவாக 250, 300 ஆண்டில் முடிந்துவிடும். அதன் வேர் ஆழம் போகாது, உயரமோ கூடிக்கொண்டே போகும், ஒருநாள் காற்று விழுத்திவிடும். பேர்னம் பீச்சஸில் நிற்கும் கிழட்டு மரங்கள் 400 ஆண்டைத் தாண்டியவை. பாரத்தைத் திரும்பத் திரும்ப இறக்கிவிட்டதால் நிலைத்தவை. உள்ளே உக்கி வெறுமையானதும் அந்த நீண்ட ஆயுளின் ஒரு பகுதிதான். அந்த உக்கலில் மட்டுமே வாழும் வண்டுகளும் காளான்களும் இருக்கின்றன. இளமரக் காட்டில் அவற்றுக்கு வீடு கிடைக்காது. இந்த இடத்துக்கு இத்தனை சட்டப் பாதுகாப்புக் கிடைத்ததே பெரும்பாலும் அவற்றால்தான். 1951இல் அறிவியல் முக்கியத்துவம் உள்ள இடமாக அறிவித்தார்கள், 1993இல் தேசிய இயற்கை ஒதுக்கிடம் ஆக்கினார்கள். கை படாத காட்டில் இருக்கும் என்று நீ நினைக்கும் அரிய உயிர்கள், ஆயிரம் தடவை கை பட்ட மரத்துக்குள் குடியிருக்கின்றன.

வெட்டு நின்றது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். காரணம் யாரும் மரத்தின் மேல் இரக்கப்பட்டதில்லை. நிலக்கரி வந்துவிட்டது, அவ்வளவுதான். விறகுக்கு மதிப்புப் போனதும் கோடரியும் போனது. அதற்குப் பிறகு கொப்புகள் தம் பாட்டில் வளர்ந்தன. பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒரு முறை இறக்கிய பாரம் 200 ஆண்டாக இறங்கவில்லை. உள்ளே வெறுமையான தண்டின் தலையில் முழு மரங்கள் ஏழெட்டு நிற்பதை நினைத்துப் பார். வாழ்நாள் முழுவதும் வண்டிகளின் அச்சையும் வில்லையும் பார்த்தவன் நான். அந்த மரத்தடியில் நின்றபோது எனக்கு அழகு தோன்றவில்லை, எந்தப் பக்கம் முறியும் என்றுதான் கணக்குப் போட்டேன்.

கவிஞர்களுக்கு அந்தக் கணக்கு வராது. தோமஸ் கிரே இங்கே வந்தது 1737இல். அப்போது அவருக்கு வயது இருபது. கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த பையன், பேர்னமில் இருந்த மாமா வீட்டுக்கு விடுமுறைக்கு வந்தான். மாமாவுக்கு வேட்டைப் பித்து. வீட்டில் எந்த நாற்காலியில் உட்காரப் போனாலும் அதில் ஒரு நாய் இருக்கும் என்று நண்பர் ஹொரஸ் வால்போலுக்கு எழுதிய கடிதத்தில் புலம்புகிறார். அதே கடிதத்தில்தான் இந்தக் காடும் வருகிறது. மலையும் பள்ளமும் உண்டு, ஆனால் தன்னைப் போல் கழுத்தின் மேல் ஆசை உள்ளவர்களும் ஏறக்கூடிய மலைதான் என்கிறார். அந்த இடம் முழுவதும் மதிப்புக்குரிய பீச் மரங்களாம். கிழவர்கள் எல்லோரையும் போல அவையும் தங்கள் பழங்கதைகளைக் காற்றிடம் கனவில் சொல்லிக்கொண்டே இருக்கின்றனவாம். அவற்றில் ஒன்றின் அடியில் காலை முழுவதும் குந்தியிருந்தாராம், முயலும் அணிலும் சுற்றி விளையாடினவாம். ஏவாள் வருவதற்கு முந்திய ஆதாமைப் போல இருந்தேன் என்று ஒரு கிண்டல் வேறு.

கிரேயின் பெயரைக் கேட்டாலே, கிராமத்துக் கல்லறையைப் பற்றி அவர் எழுதிய இரங்கற்பாதான் ஞாபகம் வரும். இப்படிச் சிரிக்கத் தெரிந்த ஆள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அவர் அங்கே குந்தியிருந்த 1737இல் விறகுக்குத் தலை வெட்டும் வழக்கம் நடந்துகொண்டுதான் இருந்தது. சற்று நேரம் காது கொடுத்திருந்தால் எங்கேயாவது கோடரிச் சத்தம் கேட்டிருக்கும். அவருடைய வர்ணனையில் கோடரியும் இல்லை, கோடரி பிடித்தவனும் இல்லை. கிழவர்கள் கனவு காண்கிறார்கள், அணில் விளையாடுகிறது. நீயும் டொஃபினோவிலிருந்து அப்படித்தான் பேசினாய் என்று சொன்னால் கோபிக்காதே.

1838இல் பாடிங்டனிலிருந்து இந்தப் பக்கம் ரயில் ஓடத் தொடங்கியதும் லண்டன்காரர்களும் கூட்டமாக வர ஆரம்பித்தார்கள். இசையமைப்பாளர் மெண்டல்சன் வந்தார், பாடகி ஜெனி லிண்ட் வந்தார். வரலாற்றாசிரியர் ஜோர்ஜ் குரோட்டின் வீடு ஈஸ்ட் பேர்னமில் இருந்தது, அவர்கள் அங்கே விருந்தாளிகள். ஆளுக்கொரு மரத்தைப் பிடித்த மரம் என்று சொல்ல, அந்த மரங்களுக்கு அவர்களுடைய பெயரே நிலைத்துவிட்டது.

இனி மேயர் கதை. 1879இல் இந்த நிலம் விற்பனைக்கு வந்தது. விளம்பரத்தில் காடு என்ற பெருமை பேசவில்லை. உயர்ந்த தரமான வீடுகள் கட்ட ஏற்ற நிலம் என்றுதான் போட்டார்கள். ரயில் வந்த ஊருக்குப் பக்கத்து நிலம், பீச் மரத்தை ஒட்டி மாளிகை, வாங்குவதற்கு ஆளா இல்லை? பிரான்சிஸ் ஜோர்ஜ் ஹீத் என்ற இயற்கை எழுத்தாளர் விடவில்லை. லண்டன் நகர நிர்வாகத்துக்கு எழுதி, நெருக்கினார். அந்த நிர்வாகத்துக்கு அப்போதுதான் ஒரு வசதி கிடைத்திருந்தது. நகரத்திலிருந்து 25 மைல் தூரத்துக்குள் பொதுமக்களுக்காகத் திறந்த வெளியை வாங்கிப் பாதுகாக்கலாம் என்று 1878இல் ஒரு சட்டம் வந்திருந்தது. பேர்னம் பீச்சஸ் அந்த எல்லைக்குள் மயிரிழையில் அடங்கும். ஆனால் விற்பவர் முழு எஸ்டேட்டையும் ஒன்றாக விற்கத்தான் தயார், நகர நிர்வாகத்துக்குக் காடு மட்டும் போதும். சேர் ஹென்றி பீக் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் நடுவில் வந்து முழுவதையும் தானே வாங்கினார். பிறகு காட்டுப் பகுதியைப் பிரித்து 6,000 பவுண்டுக்கு நகரத்துக்குக் கொடுத்தார். 1880இல் கைமாறியது. பீக் குடும்பம் தேயிலையும் வாசனைச் சரக்கும் இறக்குமதி செய்து பணம் சேர்த்த குடும்பம். அவர் பெயரில் உள்ளே ஒரு பாதை இருக்கிறது, அதன் வழியாகத்தான் நடந்து போனேன். இன்றும் நிலம் அந்த நகர நிர்வாகத்தின் கையில்தான். ஃப்ளீட் வூட் என்ற பகுதியை 1921இல் பேர்னம் பிரபு அன்பளிப்பாகச் சேர்த்தார்.

நல்ல கதைதான். நானும் நன்றி சொல்லிக்கொண்டே நடந்தேன். ஆனால் இதே நிர்வாகம், அதே 1878இல், எப்பிங் காட்டையும் காப்பாற்றியது. அந்தக் கதையை உன் தங்கச்சி இருக்கும் லௌட்டனில் கேட்டுப் பார், வேறு மாதிரி இருக்கும். லௌட்டன்காரர்களுக்கு நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கொப்பு வெட்டும் உரிமை பரம்பரையாக இருந்தது. காட்டை வேலி போட்டு அடைக்க நிலப்பிரபு முயன்றபோது தோமஸ் வில்லிங்கேல் என்ற கிழவர் தன் உரிமைப்படி வெட்டிக்கொண்டே இருந்தார். 1866இல் அவர் வீட்டு இளைஞர்கள் இதற்காகச் சிறைக்குப் போனார்கள். அந்த எதிர்ப்புதான் எப்பிங் காட்டைக் காக்கும் இயக்கமாக வளர்ந்தது. கடைசியில் எப்பிங் காட்டுக்கென்றே வந்த 1878 சட்டம் காட்டைக் காப்பாற்றியது, கொப்பு வெட்டும் உரிமையை எடுத்துவிட்டது. உரிமைக்கு ஈடாகக் கொடுத்த பணத்தில் ஊருக்கு ஒரு மண்டபம் கட்டினார்கள். லொப்பிங் ஹோல் என்று அதற்குப் பெயர், 1884இல் திறந்தது. தங்கச்சி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போகிறேன். சும்மா ஒரு பழைய கட்டடம் என்றுதான் நினைத்திருந்தேன். காட்டுக்காகச் சிறை போனவர்களைக் காட்டிலிருந்து வெளியே அனுப்பிவிட்டு ஒரு மண்டபம் கொடுத்தார்கள் என்று இப்போது ஒவ்வொரு தடவையும் தோன்றுகிறது. எப்பிங் காட்டிலும் பீச்சும் ஹோர்ன்பீம் என்ற மரமும் தலை கனத்து நிற்கின்றன.

பேர்னமில் நான் மிகவும் இரசித்தது வேறு. உனக்கு அலுப்பாக இருக்கும், பொறுத்துக்கொள். இரண்டாம் உலகப் போரில் இந்தக் காட்டை இராணுவம் எடுத்துக்கொண்டு வாகனக் கிடங்கு ஆக்கியது. நோர்மண்டித் தரையிறக்கத்துக்குப் போக வேண்டிய லொறிகளும் மற்ற வாகனங்களும் ஆயிரக்கணக்கில் மரங்களுக்குக் கீழே நின்றன. கோடையில் பீச்சின் இலை எவ்வளவு அடர்த்தி என்று தெரியும்தானே. அடியில் புல்கூட ஒழுங்காக முளைக்காத நிழல். மேலே பறக்கும் விமானத்திலிருந்து ஒன்றும் தெரியாது. பாதையை விட்டுச் சற்று உள்ளே, சருகுக்கு அடியில் ஒரு கொங்கிரீட் துண்டு என் சப்பாத்தில் தட்டியது. காலால் சருகைத் தள்ளிப் பார்த்தேன். விளிம்பு நேராக வார்த்தது, மேலே பாசி. அது எந்தக் காலத்துக் கொங்கிரீட் என்று எனக்குச் சான்று இல்லை. ஆனால் அத்தனை வண்டிகளை இங்கே நிறுத்தி, பராமரித்து, குளிரில் ஓடும்படி வைத்திருந்த கைகள் யாருடையவை என்று நினைத்தேன். மெண்டல்சனுக்கு ஒரு மரம் இருக்கிறது. அந்தப் பொறிமுறைக்காரர்களுக்கு ஒரு பலகையாவது வைத்திருக்கலாம்.

மெண்டல்சனின் மரமும் இப்போது அங்கே இல்லை. 1990 ஜனவரிப் புயல் அதை விழுத்திவிட்டது. அதன் தண்டில் ஒரு பகுதியைக் கொண்டுபோய் லண்டன் நகரத்துக்குள், பார்பிக்கன் குடியிருப்பின் மேல்நடைபாதையில் வைத்திருக்கிறார்கள். வேறொரு வேலையாக நகரத்துக்குப் போனபோது பார்த்தேன். சுற்றிவரக் கொங்கிரீட் கோபுரங்கள், நடுவில் வெளிறிய ஒரு பெரிய தண்டு. அலுவலகத்துக்காரர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை. செத்ததை வீட்டு வாசலில் வைக்கக் கூடாது என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாங்கியவர்களின் வீட்டுக்கே மரம் வந்து சேர்ந்தது என்று விட்டுவிட்டேன்.

காட்டில் பணியாளர் ஒருவரோடு கதைக்க வாய்த்தது. கையில் கைவாள், தலையில் கவசம், மதிய உணவுக்கு உட்கார்ந்திருந்தார். பழைய மரங்களை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். 200 ஆண்டு வெட்டாமல் விட்ட பீச்சைப் பழையபடி ஒரேயடியாகத் தலை வெட்டினால் பெரும்பாலும் செத்துவிடும் என்றார். ஹோர்ன்பீம் தாங்கும், பீச் தாங்காது. வயதான கட்டையிலிருந்து அதற்குத் துளிர் வருவது கடினம். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, இடையில் பல ஆண்டு விட்டு, கொப்பின் நீளத்தைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். முனையில் சற்றேனும் இலை மிச்சம் இருக்க வேண்டும், சுற்றியுள்ள இளமரங்களை வெட்டி வெளிச்சம் விட வேண்டும். ஒரு மரத்தைச் சரிக்கட்ட ஒருவருடைய உத்தியோக காலம் போதாது. இளம் பீச்சுகளைத் தெரிந்து புதிதாகவும் தலை வெட்டுகிறார்கள். அவை வெறுமையாகி வண்டு குடியேற இன்னும் 200, 300 ஆண்டாகும். இடையில் ஒரு தலைமுறை முழுவதும் காணாமல் போய்விட்டது, அந்த இடைவெளிதான் எங்களுடைய கவலை என்றார். நான் எத்தனையோ பட்டறைகளில் வேலை செய்திருக்கிறேன். திருத்தி முடியும் நாள் இப்படி இருந்தும் முகம் சுளிக்காத ஆளை அங்கேதான் பார்த்தேன்.

மாடுகளும் திரும்ப வந்துவிட்டன. வெள்ளை மாடுகள், காதும் மூக்கும் கறுப்பு. எக்ஸ்மூர் மட்டக் குதிரைகளையும் மேய விடுவதாகச் சொன்னார். மாட்டின் கழுத்தில் ஒரு பட்டை, அதில் ஒரு பெட்டி. வேலி என்று எதுவும் இல்லை. மாடு ஓர் எல்லையை நெருங்கினால் பெட்டி ஒலி எழுப்பும், கேளாமல் போனால் சிறிய மின்னதிர்வு கொடுக்கும். ஒரு மாடு புல்லை மேய்ந்துகொண்டே வந்து, ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தில் நின்று, கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பிப் போனது. வில்லிங்கேல் கிழவர் போராடியது வேலிக்கு எதிராக. இந்த வேலியை அவருக்கு எப்படி விளக்குவது!

ட்ரூயிட் ஓக் என்று ஒரு மரம் இருக்கிறது, அங்குள்ளதில் மிகக் கிழடு அதுதான். 800 ஆண்டுக்கு மேல் என்கிறார்கள். ட்ரூயிட்கள் என்ற பழங்காலப் பூசாரிகளின் காலம் அதற்கும் ஆயிரம் ஆண்டு முந்தியது. பெயர் வைத்தவர் கணக்கில் வீக். செவன் வேஸ் பிளெயின் பக்கம் வரலாற்றுக்கு முந்திய மண் கோட்டை ஒன்றின் கரையும், ஹார்ட்லி கோர்ட் பக்கம் மத்திய காலத்து வீடொன்றைச் சுற்றிய அகழியும் மரங்களுக்குள் கிடக்கின்றன. வீடு போய்விட்டது, அகழி மட்டும்தான். நீ காடு என்று சொல்லும் இடத்தில் யாரோ சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். பைன்வுட் படப்பிடிப்புத் தளம் பக்கத்தில் இருப்பதால் படக்காரர்களும் ஆதிகாலக் காடு தேவைப்பட்டால் இங்கேதான் வருகிறார்கள். உலகம் முழுவதும் கை படாத காடு என்று திரையில் பார்த்துப் பிரமிப்பது எங்கள் விறகுத் தோட்டத்தைத்தான். இந்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள்.

கடைசியாக உன் காட்டுக்கு வருகிறேன். நீ அனுப்பிய படங்களில் மியர்ஸ் தீவும் இருந்தது. அதைப் பற்றி வாசித்தேன். 1980களில் அங்கே மரம் வெட்ட ஒரு நிறுவனம் வந்தபோது அந்தத் தீவின் முதற்குடி மக்கள் நீதிமன்றம் போனார்கள், 1985இல் வெட்டுக்குத் தடை கிடைத்தது. அவர்கள் காட்டிய சான்றுகளில் முக்கியமானது மரங்களே. சீடாரின் பட்டையை நாராகவும், சில இடங்களில் மரத்தைச் சாய்க்காமலே பலகையாகவும் அவர்களுடைய முன்னோர் எடுத்த வடுக்கள் அந்த மரங்களில் இருக்கின்றன. மரம் சாகவில்லை, வடுவைச் சுற்றி வளர்ந்தது. 1846க்கு முந்திய அப்படிப்பட்ட மரங்களை உங்கள் மாகாணச் சட்டம் தொல்பொருளாகவே பாதுகாக்கிறதாம். பாதுகாக்க வேண்டியது என்று நீதிமன்றத்தில் நிரூபித்ததே கை பட்ட அடையாளத்தை வைத்துத்தான், தம்பி.

நீ நிற்கும் அந்தப் படத்தை நானும் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் வலது தோளுக்குப் பின்னால், பட்டையில் நீளமாக ஒரு வெறும் இடம் தெரிகிறது. கீழே அகன்று மேலே போகப் போக ஒடுங்குகிறது. மின்னல் கீறியதா, பட்டை உரித்ததா என்று படத்தில் சொல்ல முடியவில்லை, உன் பை மறைக்கிறது. அடுத்த முறை போனால் பையைக் கழற்றி வைத்துவிட்டுக் கிட்டப் போய்ப் பார். கீழ் விளிம்பு குறுக்கே நேராக வெட்டியிருந்தால் அது மனிதக் கை. ஒரு படம் எடுத்து அனுப்பு. மின்னல்தான் என்றால் அதையும் நேர்மையாக எழுது, அடுத்த வாதத்துக்கு வேறு ஏதாவது தேடிக்கொள்கிறேன்.

அக்டோபரில் வரப் பார்க்கிறேன் என்றாய். வந்தால் கூட்டிக்கொண்டு போகிறேன், அப்போது இலை செம்பு நிறத்துக்கு மாறியிருக்கும், கொட்டையும் விழும். தோலில் முள் போல மயிர் இருக்கும், உள்ளே மூன்று மூலைக் கொட்டை. எல்லா ஆண்டும் காய்க்காது, சில ஆண்டுகளில் கொட்டிக் கிடக்கும். நல்ல சப்பாத்துக் கொண்டு வா, சேறு உனக்குப் பழக்கம். டிக்கெட் எடுத்ததும் திகதியைச் சொல். ஹீத்ரோவுக்கு நான் வருகிறேன், டாக்சிக்காரனுக்குக் காசு அழாதே.

அன்புடன்,
அப்பா